புகை மெஷினுக்கு என் பங்கு கிடையாது

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் சூடாகவும் இருக்கும். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன சனிக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டில் பாட்லக். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், குழந்தைகளுக்குப் பீட்சா, பேஸ்மென்டில் கேரம்போர்டு. நியூஜெர்சியில் எல்லாச் சனிக்கிழமையும் நடக்கிற சங்கதிதான். சாப்பிட்டு முடித்ததும் "ஊருக்கு ஏதாவது செய்யணும்" என்று பேச்சு ஆரம்பித்தது. அதுவும் எல்லாச் சனிக்கிழமையும் நடப்பதுதான். இந்த முறை ஆச்சரியமாக ஒரு முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கம். மீதிப்பேர் பொள்ளாச்சி, வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கம். ஆக எல்லாருமே கேரள எல்லைக்காரர்கள். ஊரில் கொசுத்தொல்லை, காய்ச்சல். அதனால் ஆளுக்கு இருநூறு டாலர் போட்டு எல்லையோரக் கிராமங்களுக்கு ஆறு புகை மெஷின் வாங்கித் தருவது. பஞ்சாயத்துத் தலைவர் கையில் கொடுத்து ஒரு போட்டோ. மெஷின் மேல் நம்ம பேர். பட்டியலில் என் பேரையும் எழுதிவிட்டார்கள்.

"முன்னாடி இந்தக் காய்ச்சலே கிடையாது. எல்லாம் இந்த வடக்கத்திப் பசங்க வந்தப்புறம்தான்" என்றார் ஒரு அண்ணன். நாலு தலைகள் ஆடின.

"அண்ணே, மெஷினுக்கு நான் காசு தரமாட்டேன்" என்றேன்.

கேரம்போர்டு சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது காரில் மனைவி, "ஏங்க, நாலு பேர் முன்னாடி இப்படியா மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுவாங்க? காரணத்தையாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். நியாயமான கேள்வி. அந்தக் காரணம்தான் இந்தப் பதிவு.

முதலில் என் தொழில். ஒரு மருந்துக் கம்பெனி லேபில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். புதுசாக ஒரு மாத்திரை தயாரித்தால், அதை மனிதனின் ஈரல் எவ்வளவு சீக்கிரம் உடைத்துப் போடுகிறது என்று பார்ப்பது என் வேலை. உடைப்பது என்சைம்கள். அதில் பெரிய குடும்பம் சைட்டோகுரோம் பி450. இங்கே சில மாத்திரை டப்பாக்களில் 'கிரேப்ஃப்ரூட் ஜூஸ் குடிக்காதே' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜூஸ் இந்தக் குடும்பத்து என்சைம் ஒன்றை முடக்கிவிடும். மாத்திரை உடையாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். அதற்குத்தான் எச்சரிக்கை.

இந்த பி450 நமக்கு மட்டும் சொந்தமில்லை. கொசுவுக்கும் உண்டு. அதை வைத்துத்தான் அது நம் மருந்தைச் சமாளிக்கிறது.

பூச்சிமருந்தை உடைக்கக் கொசுவிடம் முக்கியமாக மூன்று வகை என்சைம்கள் இருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன பி450. கொசுவலையில் தடவுகிற, பல கொசுவத்திச் சுருள்களில் இருக்கிற பைரித்ராய்டு வகை மருந்துகளை இது உடைக்கும். இரண்டாவது, குளூட்டாதயோன் டிரான்ஸ்பரேஸ். டி.டி.டி. மூலக்கூறிலிருந்து ஒரு குளோரினைப் பிடுங்கிவிடும். அதோடு கொசுவைப் பொறுத்தவரை டி.டி.டி. செத்த பாம்பு. மூன்றாவது, எஸ்டரேஸ்கள். மாலத்தியான் மாதிரியான ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளை வெட்டிப் போடும், அல்லது நரம்பை எட்டவிடாமல் வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை. மாலத்தியான் கொசுவைக் கொல்லும் அளவுக்கு மனிதனைப் பாதிக்காமல் இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், நம் உடம்பில் உள்ள கார்பாக்ஸில் எஸ்டரேஸ் அதைச் சட்டென்று வெட்டிவிடுவதுதான். மாலத்தியானுக்குச் சாகாத கொசு செய்வதும் அதே வேலைதான். நாம் எந்தக் கவசத்தை நம்பி மருந்தடித்தோமோ, அதே கவசத்தை அதுவும் போட்டுக்கொண்டது.

"கொசுவுக்கு மருந்து பழகிப்போச்சு" என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. குடிகாரனுக்குச் சரக்கு பழகுகிற மாதிரி ஒரு கொசுவுக்கு மருந்து பழகுவதில்லை. ஆயிரம் கொசுவில் பிறவியிலேயே இந்த என்சைம் கூடுதலாகச் சுரக்கிற கொசு நாலைந்து இருக்கும். மருந்தடித்தால் மற்றது எல்லாம் சாகும், இது பிழைக்கும். அடுத்த தலைமுறை இதன் பிள்ளைகள். நம்ம ஊர் வெயிலில் பத்துப் பதினைந்து நாளில் ஒரு தலைமுறை வந்துவிடும். மறுபடி அதே மருந்து, மறுபடி சலிப்பு. சில வருஷத்தில் ஊர்க்கொசு முழுக்கச் சலித்தெடுத்த கொசு. சலித்தது யார்? நாம்.

இதெல்லாம் லேப் கதை என்று நினைக்கவேண்டாம். நம் நாடு ஒருமுறை இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியாவில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்பது கணக்கு. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம். வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. 1965-ல் நோயாளிகள் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சத்துக்கு இறங்கியது. கேரளாவில் மலேரியா ஒழிந்தது என்று அறிவித்ததும் அதே 1965-ல்தான். முல்லைப்பெரியாறு அணை கட்டப்போன நம்ம ஊர் ஜனங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற குளிர்காய்ச்சல் அது. ஒழிந்தது என்றபோது பெரியவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்!

ஆனால் 1959-லேயே குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டத்தில், கிராமத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் கொசு டி.டி.டி.க்குச் சாகவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு மாலத்தியானுக்கு மாறினார்கள். 1973-ல் குஜராத்திலேயே அதற்கும் சாகாத கொசு வந்தது. 1976-ல் நாட்டில் மலேரியா கண்டவர்கள் 64 லட்சத்துக்கும் மேல். பணமில்லை, மருந்து வரத்தில்லை, மெத்தனம் என்று பல காரணம் உண்டு. கொசுவின் என்சைமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்புறம் பைரித்ராய்டு. 2002-ல் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக் குலிசிபேசிஸ் கொசுவிடம் டெல்டாமெத்ரினின் வேகம் குறைந்துபோனதை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் நாம் செய்தது ஒன்றுதான்: "இது கேக்கலையா, அதைவிட வீரியமானதை எடு."

சரி, மலேரியாத் துறை அடித்த மருந்துதான் கொசுவைச் சலித்தது என்றால், அவர்கள் சூதானமாக அடித்தால் போதுமே? போதாது. சலிப்பதில் பெரும்பங்கு நடக்கும் இடத்தில் மலேரியாத் துறையே கிடையாது. அது தோட்டமும் வயலும்.

இங்கே என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். போடிமெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மருந்தடித்தவர். விடிகாலை ஜீப்பில் இருபது பேரை அடைத்துக்கொண்டு மலையேறும் கூட்டத்தில் ஒருவர். ட்ரம்மில் மருந்தைக் கலக்கி, மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பிடித்துச் செடிக்குச் செடி அடிக்கவேண்டும். மாசத்துக்கு ரெண்டு ரவுண்டு. இலைப்பேன், காய் துளைக்கிற புழு. எதற்கு எது என்றெல்லாம் கணக்கில்லை, கடைக்காரர் கொடுத்தது எல்லாம் ஒரே ட்ரம்மில். வேலை முடிந்ததும் ட்ரம்மையும் ஹோஸையும் ஓடையில் அலசிவிட்டு, அங்கேயே கைகால் கழுவி, சோற்று வாளியைத் திறப்பார்கள். முகமூடியாவது கையுறையாவது! தோளில் கிடக்கும் துண்டுதான். ஒருநாள் அங்கேயே வாந்தியெடுத்து விழுந்தார். தோட்டத்தில் ஒரு நாள் கூலி சேர்த்துக் கொடுத்து ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் கடைசி வரை கை நடுக்கம் இருந்தது. "கொசுகூட மருந்துக்குத் தப்பிச்சிருதுய்யா, எனக்குத்தேன் கேக்கலை" என்று சிரிப்பார். அவர் விளையாட்டாகச் சொன்னது. இப்போது என்சைம்களோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அட்சரம் பிசகாத உண்மை.

அந்த ஓடையோரக் குட்டையில் கொசுப்புழு இருந்தது. ட்ரம் கழுவின தண்ணீர் அதில்தான் கலந்தது. மழை பெய்தால் தோட்டத்து மருந்தெல்லாம் அங்கேதான் இறங்கும். சாகிற புழு சாகும், என்சைம் உள்ளது பிழைக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவை, வருஷம் முழுக்க, சலிப்பு. ஏலக்காயைப் பரிசோதித்தபோது குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் எல்லாம் கிடைத்திருக்கின்றன. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசம் நின்றுபோன கதை ஞாபகம் இருக்கிறதா? ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் என்று சொல்லி, கேரள உயர்நீதிமன்றம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்களின் விற்பனையை நிறுத்தியது. பாயசத்தில் கேடில்லை என்று பிற்பாடு பரிசோதனையில் வந்து, உச்சநீதிமன்றம் 2024-ல் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு விஷயம். சாமி பிரசாதம் வரைக்கும் கேள்வி வந்ததே, ஓடைத் தண்ணீரைப் பற்றி யாராவது கேட்டார்களா?

சைபர்மெத்ரின் யார் தெரியுமா? கொசுவலையில் தடவுகிற ஆல்பா சைபர்மெத்ரினின் உடன்பிறப்பு. குயினால்பாஸும் குளோர்பைரிபாஸும் யார்? தண்ணீர்த் தொட்டியில் சுகாதார ஊழியர் ஊற்றுகிற அபேட் மருந்தின் பங்காளிகள், எல்லாம் ஆர்கனோபாஸ்பேட். பேர்தான் வேறு, குடும்பம் ஒன்று. தோட்டத்தில் ஒன்றுக்குத் தப்பிய கொசு, வீட்டில் இன்னொன்றுக்கும் தப்பலாம். பாலக்காட்டுப் பக்கம் முதலமடை மாந்தோப்புகளில் என்டோசல்பான் அடித்த கதை கொழிஞ்சாம்பாறை நண்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2011-ல் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. வேறு மருந்துகள் அந்த இடத்துக்கு வந்தன. தெளிப்பது நிற்கவில்லை.

தோட்டத்து மருந்து வேளாண்துறை கணக்கு. வீட்டு மருந்து சுகாதாரத்துறை கணக்கு. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. ஆக நாலு கணக்குப் புத்தகம், ஒரே கொசு. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீருக்கும் ஆழியாற்றுத் தண்ணீருக்கும் இரண்டு மாநிலமும் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்ப்பார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் தேங்கி நிற்கிற தண்ணீரில் வளர்கிற கொசு எதற்குச் சாகும், எதற்குச் சாகாது என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் என்ன? குமுளியிலும் வாளையாரிலும் செக்போஸ்ட் லாரிக்குத்தானே, கொசுவுக்கு இல்லையே.

முடியாத காரியம் என்று சொல்கிறவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும். 1963-ல் அங்கே மொத்தமே 17 பேருக்குத்தான் மலேரியா. ஜெயித்துவிட்டோம் என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1969-ல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மறுபடி டி.டி.டி.யை எடுத்தால் கொசு தயாராக இருந்தது. 1970களில் மாலத்தியானுக்கு மாறும்போது ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள்: மாலத்தியான் மலேரியாவுக்கு மட்டும், வயலுக்குக் கிடையாது என்று ஒதுக்கி வைத்தார்கள். அதனால் அது பல வருஷம் தாக்குப்பிடித்தது. அதே நாட்டில் நெல்வயலில் வளர்கிற அனாபிலிஸ் நைஜெரிமஸ் கொசு, வயலுக்கு அடித்த மற்ற மருந்துகளாலேயே தேறிவிட்டதையும் 1980களில் கண்டறிந்தார்கள். ஒரே தீவில் இரண்டு பாடம். காய்ச்சல்காரர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்து வைத்தியம் பார்த்ததும் சேர, உள்நாட்டுப் போரையும் தாண்டி 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கினார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "எங்களிட்டயும் படிக்கிறதுக்கு ஏதோ இருக்குது எண்டு சொல்லுறீங்கள்" என்று சிரித்தார்.

இப்போது அந்த அண்ணன் சொன்ன "வடக்கத்திப் பசங்க" விஷயம். கேரளாவில் இன்றைக்குப் பிடிபடுகிற மலேரியாவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவது உண்மைதான். மலேரியாக் கிருமி மனிதன் ரத்தத்தில் பயணம் செய்யும். ஜார்க்கண்டிலிருந்து ரயிலேறி ஏலத்தோட்டத்துக்கோ கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கோ வருகிறவன் ரத்தத்தில் அது இருக்கலாம். ஆனால் அவனோடு வருவது கிருமி மட்டும். அதை எடுத்து அடுத்தவனுக்குக் கொடுக்கிற கொசு உள்ளூர்க் கொசு. அந்தக் கொசுவைச் சாகாதபடி சலித்தது உள்ளூர் மருந்து. வந்தவனுக்கு உடனே ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் கொடுத்தால் கிருமி அங்கேயே செத்துப்போகும். அவனைக் கண்டால் விரட்டுவார்கள் என்று பயந்தால், காய்ச்சலோடு ஷெட்டில் சுருண்டு படுத்துக்கொள்வான். கொசுவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொன்று. சொந்த ஊரில் பிழைப்பில்லாமல், பாஷை தெரியாத மலையில் வந்து ஹோஸ் பிடிக்கிறவன் யார்? என் சித்தப்பா விட்டுப்போன இடத்தில் நிற்கிறவன். நாமும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்தானே! விசா வாங்க டி.பி. டெஸ்ட், தடுப்பூசி என்று க்யூவில் நின்றபோது, 'இவங்களாலதான் நோய் வருது' என்ற பார்வையை நாம் பார்க்கவில்லையா? அந்தப் பார்வையை அப்படியே மடித்து ஊருக்குப் பார்சல் அனுப்பலாமா?

கடைசியாகப் புகை மெஷின். சின்ன வயதில் புகை வண்டிக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் புகை, அந்த நேரத்தில் பறக்கிற கொசுவை மட்டும்தான் தொடும். தண்ணீரில் கிடக்கும் புழுவைத் தொடாது. அனாபிலிஸ் ராத்திரியில் கடிக்கிற கொசு, பகலில் வீட்டு மூலையிலும் மாட்டுக்கொட்டகையிலும் பதுங்கியிருக்கும். நம்ம ஆட்கள் புகை அடிப்பது சாயந்திரம், போட்டோ எடுக்க வெளிச்சம் இருக்கும்போதே. காய்ச்சல் வெடித்துப் பரவும்போது அவசரத்துக்குப் புகைக்கு ஓர் இடம் உண்டு. கையில் மெஷின் இருக்கிறதே என்பதற்காக வாராவாரம் அடித்தால், அது கொசு ஒழிப்பு இல்லை. என்சைம் உள்ள கொசுவுக்கு நாம் நடத்துகிற பண்ணை.

அப்புறம் என்னதான் செய்வது? சொல்கிறேன்.

முதலில், அடிக்கிறதுக்கு முன்னால் கேளுங்கள்: இந்த ஊர்க் கொசு இந்த மருந்துக்குச் சாகுமா? இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். கொசுவைப் பிடித்து, மருந்து தடவிய காகிதம் சுற்றிய குழாயில் ஒரு மணி நேரம் விடவேண்டும். இருபத்துநாலு மணி நேரம் கழித்து எண்ணவேண்டும். நூற்றுக்கு 98 செத்திருந்தால் மருந்து கேட்கிறது. 90-க்குக் கீழே என்றால் மருந்து தோற்றுவிட்டது. ஏன் தோற்றது என்று தெரியக் கொசுவை அரைத்து, தொண்ணூற்றாறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் ரசாயனம் சேர்த்து நிறம் பார்ப்பார்கள். நிறம் எவ்வளவு கெட்டியோ என்சைம் அவ்வளவு. புதுச்சேரியில் 1975 முதல் இதற்கென்றே ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மதுரையிலேயே அதற்குக் கிளை உண்டு. ஆளும் அறிவும் எட்டும் தூரத்தில்தான்.

பி450 என்சைம்தான் காரணம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1940-ல் நல்லெண்ணெய் சேர்த்தால் பைரித்ரம் பூச்சிமருந்தின் வேகம் கூடுகிறது என்று அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். ஆமாம், சனிக்கிழமை தலைக்குத் தேய்க்கிற அதே நல்லெண்ணெய்தான்! அந்த வழியில் வந்ததுதான் பைபரோனில் பியூட்டாக்சைடு. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் நம் ஈரலுக்குச் செய்வதை இது கொசுவுக்குச் செய்யும், என்சைமை முடக்கும். இதைச் சேர்த்த கொசுவலைகளை 2017 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால் மருந்து போய் உட்காருகிற நரம்பு இடமே மாறிப்போன கொசுவுக்கு இது மட்டும் பற்றாது. எது என்று தெரிய மறுபடி பரிசோதனைதான். இதையும் சோதிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் அதே பழைய கதை.

இரண்டாவது, அந்த ஆறு மெஷின் காசுக்குத் தண்ணீர்த் தொட்டி மூடி, கிணற்று வலை, தோட்டத்து ஷெட்டுகளில் படுப்பவர்களுக்குக் கொசுவலை, மருந்தடிக்கிறவர்களுக்கு முகமூடி, கையுறை வாங்கலாம். போட்டோவுக்கு எடுப்பாக இருக்காது. பரவாயில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். ஊரில் இருக்கும் தம்பியிடமோ மச்சானிடமோ சொல்லி, பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடச் சொல்லுங்கள். ஒன்று தேனிக்கு, ஒன்று இடுக்கிக்கு. கோவை, பாலக்காட்டுக்காரர்களும் அப்படியே. கேள்வி மூன்றுதான்: கடைசியாக எந்த வருஷம், எந்த ஊர்க் கொசுவை, எந்த மருந்துக்குச் சோதித்தீர்கள்? நூற்றுக்கு எத்தனை செத்தது? அந்த முடிவை வேளாண்துறைக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் அனுப்பினீர்களா? 2030-க்குள் நாட்டில் மலேரியாவை ஒழிப்போம் என்று அரசாங்கமே இலக்கு வைத்திருக்கிறது. இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அண்ணே, சனிக்கிழமை உங்கள் மனசு நொந்திருந்தால் மன்னிக்கவும். என் இருநூறு டாலரை எடுத்துத்தான் வைத்திருக்கிறேன். கொசுவலைக்கு என்றால் இன்றைக்கே தருகிறேன். புகைக்கு என்றால் பத்துப் பைசா தரமாட்டேன். அந்தப் புகையைக் கையால் கலக்கி, மூக்கால் குடித்த மனுஷன் ஒருவர் என் வீட்டில் இருந்தார். அவர் கைதான் நடுங்கியது. கொசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை.